செகண்ட் ஹேண்டில் பெரிய கார்: வாங்குமுன் 20 குறிப்புகள்

30 லட்சம் கொடுத்து வாங்கிய ஸ்கோடா சூப்பர்ப், சாலைக்கு வரும்போது 60 லட்சத்தைத் தொட்ட பி.எம்.டபிள்யூ 520டி. எட்டு, பத்து ஆண்டு கழித்து இவையெல்லாம் ஒரு புது சிறிய காரின் விலைக்கு விற்பனைக்கு நிற்கின்றன. லெதர் சீட், கால் நீட்டி உட்காரும் இடம், கதவைச் சாத்தினால் வெளிச் சத்தமே கேட்காத கேபின். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இறங்கியிருப்பது காரின் விலை மட்டும். அதன் கியர்பாக்ஸ், வாட்டர் பம்ப், ஹெட்லைட் எதுவும் விலை இறங்கவில்லை. 60 லட்ச ரூபாய் காருக்கு 60 லட்ச ரூபாய் காரின் ஸ்பேரைத்தான் போட்டாக வேண்டும். கீழே உள்ள குறிப்புகள் எல்லாம் இந்த ஒரு கணக்கைச் சுற்றியே வருகின்றன.

1. கையில் 12 லட்சம் இருந்தால் 10 லட்சத்துக்குக் கார் பாருங்கள். மீதி இரண்டு லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும். பழைய உரிமையாளர் தள்ளிப்போட்ட வேலைகள் முதல் ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். விற்கப்போகிற காருக்கு யாரும் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவதில்லை. நாலு டயர் புதிதாகப் போடுவதில்லை. பிரேக் டிஸ்க் தேய்ந்திருந்தால் 'இன்னும் கொஞ்சம் ஓடும்' என்று விட்டுவிடுவார்கள். காருக்குக் கடன் வாங்கலாம், தப்பில்லை. ரிப்பேருக்கும் கடன் வாங்க வேண்டியிருக்கும் என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

2. மாதச் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுவதாகவும், நகரத்துக்குள் லிட்டருக்கு 9 கி.மீ. கிடைப்பதாகவும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருளுக்கே 11,000 ரூபாய் போய்விடும். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம் ஆண்டுக்கு 7,897 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 9,300ஐத் தாண்டும். 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு அதுவே 3,416 ரூபாய்தான். ஒரு செட் டயர் 40,000 கி.மீ. வரும் என்றால் அதன் விலையை 40 மாதத்துக்குப் பிரியுங்கள். ஆண்டு சர்வீஸ் செலவைப் பன்னிரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு மேல் ரிப்பேருக்கென்று மாதம் 5,000 ரூபாயாவது ஒதுக்க வேண்டும் என்பது என் கணிப்பு; ஜெர்மன் கார் என்றால் அதை இரட்டிப்பாக்குங்கள். இந்தத் தாள் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படட்டும். பிற்பாடு வரும் பேச்சுவார்த்தை பாதியாகக் குறையும்.

3. மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ் என்று கேளுங்கள். சூப்பர்ப் இதற்கு நல்ல உதாரணம். 2016இல் வந்த மூன்றாம் தலைமுறை சூப்பர்ப் 1.8 பெட்ரோல், மேனுவல் கியரில் 320 நியூட்டன் மீட்டர் இழுவிசை தரும், ஆட்டோமேட்டிக்கில் 250தான். எஞ்சின் ஒன்றேதான். ஆட்டோமேட்டிக்கில் இருந்த ஏழு கியர் டி.எஸ்.ஜி. அதற்கு மேல் தாங்காது என்பதால் குறைத்துக் கொடுத்தார்கள். அது உலர் கிளட்ச் வகை. ஆயிலில் நனையாத இரண்டு கிளட்ச் தட்டுகள் காற்றில் மட்டுமே குளிர வேண்டும். அண்ணாசாலையில் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே ஊர்ந்துகொண்டே இருந்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். கிளட்ச் தட்டு, கியரை மாற்றித்தரும் மெக்கட்ரானிக் யூனிட் இரண்டுமே இதில் பிரச்சினை தந்திருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2013 நவம்பரில் இந்த ரக கியர்பாக்ஸில் ஆயிலை மாற்றித்தர உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

ஆகவே 1.8 ஆட்டோமேட்டிக் பார்க்கப் போனால் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். மாலை ஆறு மணி நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஊர்ந்து நகரும்போது உதறல் வருகிறதா? ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது முதுகில் தட்டுகிறதா? மால் பார்க்கிங் சரிவில் நிறுத்தி ரிவர்ஸில் ஏற்றுங்கள், திணறினால் வேண்டாம். டேஷ்போர்டில் கியர் எழுத்து ஒருமுறை மின்னி மறைந்தாலும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதே சூப்பர்ப் 2.0 டீசலில் இருப்பது ஆறு கியர் ஈரக் கிளட்ச். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்ட்டரும் மாற்றியிருந்தால் நன்றாக உழைக்கும். 2020இல் வந்த 2.0 பெட்ரோலிலும் ஈரக் கிளட்ச்தான். என் ஓட்டு டீசலுக்கு. அபூர்வமாகக் கண்ணில் படும் 1.8 மேனுவல் கிடைத்தால் அதை விடாதீர்கள், 'மேனுவலா?' என்று மற்றவர்கள் முகம் சுளிப்பதால் விலையும் பேசலாம்.

4. பி.எம்.டபிள்யூ 320டி, 520டி இரண்டிலும் 2007 முதல் 2011 வரை வந்த என்47 டீசல் எஞ்சின் என்றால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். டைமிங் செயின் தளர்வதும் அறுவதும் இதில் உலகறிந்த குறை. செயின் எஞ்சினின் முன்பக்கம் இருந்தால்கூடச் சமாளிக்கலாம். இதில் அது பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். செயின் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலி அதிகம். அறுந்துவிட்டாலோ வால்வு வளைந்து எஞ்சினே போய்விடும். செயின் மாற்றிய பில் இருந்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள். மற்றபடி இந்தக் கார்கள் நம் பக்கத்துத் தயாரிப்புதான். செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ ஆலை இயங்குகிறது. அங்கே அசெம்பிள் ஆவதால் ஸ்பேர் மலிவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

5. 'கியர்பாக்ஸில் லைஃப் டைம் ஆயில் சார், மாத்தவே வேண்டாம்' என்று ஷோரூமிலேயே சொல்வார்கள். எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஃபில்ட்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக வருவதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செலவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் அந்த கியர்பாக்ஸ் அருமையானது, இதை மட்டும் செய்தால் போதும்.

6. பென்ஸ் இ கிளாஸ் டீசலில் 2009 முதல் 2011 வரையான ஓ.எம். 651 எஞ்சினுக்கு இன்ஜெக்டர் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் பழுதானவற்றுக்குப் பதில் வேறு வகை இன்ஜெக்டர் பொருத்தித் தந்தார்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள மாடல் என்றால் இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் போய்ப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது.

7. 2015க்கு முந்தைய ஆடி ஏ4, ஏ6 இவற்றின் 2.0 டீசலில் மல்டிட்ரானிக் சி.வி.டி. கியர்பாக்ஸ் இருக்கும். ஆடியே பின்னாளில் கைவிட்டது அது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

8. நிம்மதி வேண்டுபவர்களுக்கு டொயோட்டா கேம்ரி ஹைபிரிட். 2013 முதல் இந்தியாவில் விற்பனையில் இருக்கிறது. கிளட்ச் இல்லை, டர்போ இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் இல்லை. பழுதாவதற்கான பாகமே குறைவு. நெரிசலில் பாதி நேரம் எஞ்சின் அணைந்திருப்பதால் நகரத்துக்குள் மைலேஜும் கூடுதல். எல்லோரும் பயப்படுவது ஹைபிரிட் பேட்டரிக்கு. பேட்டரியைக் குளிர்விக்க பின்சீட்டுப் பக்கமிருந்து கேபின் காற்றை ஒரு ஃபேன் இழுக்கிறது. அந்தத் துவாரத்தில் துணியும் பையும் அடைந்தாலோ, ஃபேனில் தூசி படிந்தாலோ பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். காரைப் பார்க்கப் போகும்போது முதலில் அந்தத் துவாரத்தைப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் பராமரித்தவர் விஷயம் தெரிந்தவர். 2021 ஆகஸ்ட் முதல் வாங்கிய கார்களுக்கு டொயோட்டா பேட்டரி வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்று நீட்டியது. அது முடிய இன்னும் காலம் இருக்கும் காரைத் தேடிப் பிடியுங்கள். டொயோட்டா சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் செக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் மறுத்தால் காரணம் இருக்கும்.

9. ஹோண்டா அக்கார்டு 2.4 எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் இரும்புதான். பெரிதாக எழுத ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது ஏர்பேக். டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊரில் ஆண்டுக்கணக்கில் நின்றால் அது கெட்டுப்போய், ஏர்பேக் விரியும்போது உலோக உறை வெடித்துச் சிதறும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் தட்பவெப்பத்தைவிட அதற்கு மோசமான இடம் வேண்டுமா? பழைய அக்கார்டு உட்படப் பல ஹோண்டா கார்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. சேஸிஸ் நம்பரை ஹோண்டாவின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்தால் இந்தக் காருக்கு வேலை முடிந்ததா, பாக்கியா என்று சொல்லிவிடுவார்கள். மாற்றித்தருவது இலவசம். எந்த கம்பெனி காராக இருந்தாலும் ரீகால் பாக்கி இருக்கிறதா என்று கேட்பது நல்ல பழக்கம்.

10. காரைப் பார்க்கக் காலை நேரம் சொல்லுங்கள். 'நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்' என்றும் சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினில் கேட்கும் சத்தத்தை மறைக்க முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் நாலைந்து விநாடி போடும் சத்தம் ஒரு மணி நேர ஓட்டத்தைவிட அதிகம் சொல்லும். சலசலவென்று சங்கிலிச் சத்தம் வந்தால் செயின் டென்ஷனர். சூப்பர்ப்பின் இரண்டாம் தலைமுறை 1.8 பெட்ரோலில் இது அடிக்கடி வரும். அதே எஞ்சின் ஆயிலும் குடிக்கும். ஓட்டிப் பார்த்து வந்தபின் சைலன்சரில் நீலப் புகை தெரிகிறதா என்று பின்னால் நின்று பாருங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கத் தயங்காதீர்கள். சில ஜெர்மன் கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. ஸ்கிரீனில்தான் அளவு தெரியும்.

11. வெள்ளத்தில் நின்ற கார். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், அதே மாதம் நெல்லை, தூத்துக்குடி வெள்ளம். அப்போது தண்ணீரில் மூழ்கிய கார்களில் பல, இன்சூரன்ஸ் கம்பெனிகளால் ஏலம் விடப்பட்டு, சுத்தம் செய்யப்பட்டு, வேறு ஊரில் விற்பனைக்கு வந்தன. பெரிய கார்களில் கன்ட்ரோல் யூனிட்டும் ஒயரிங்கும் சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் ஓடுவதால் இவற்றில் பாதிப்பு ஆண்டுக்கணக்கில் தொடரும். இன்றைக்கு ஒரு லைட், அடுத்த மாதம் ஒரு சென்சார் என்று தொல்லை தீராது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் எந்த வாட்டர் வாஷும் அதைப் போக்கியிருக்காது. ஸ்டெப்னி குழியில் விரலை விட்டு வண்டல் மண் இருக்கிறதா பாருங்கள். முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி அதன் தண்டவாளத்தையும் போல்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலெல்லாம் மினுங்கும் காரில் அங்கே மட்டும் துரு என்றால் எழுந்து வந்துவிடலாம். கதவைத் திறந்ததும் சென்ட் வாசனை தூக்கலாக அடித்தால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள்.

12. மீட்டர். எந்த புரோக்கரிடம் கேட்டாலும் 'டாக்டர் வண்டி சார், ஹாஸ்பிட்டலுக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடிச்சு' என்பார். தமிழ்நாட்டு டாக்டர்கள் அத்தனை பேரும் கார் வாங்கி விற்பதையே வேலையாக வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரை வைத்து முழு சர்வீஸ் ஹிஸ்டரியும் உரிமையாளர் கேட்டால் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கி.மீ. ஏறிக்கொண்டே வந்திருக்க வேண்டும். நடுவே இறங்கியிருந்தால் அதற்கு மேல் விசாரிக்கத் தேவையில்லை. டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். '3519' என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். கார் 2016, மீட்டர் 30,000, டயர் 2021 என்றால் முதல் செட் டயர் அதற்குள் ஏன் போனது என்று கேளுங்கள். கண்ணாடிகளிலும் தயாரிப்புக் குறியீடு உண்டு. ஒன்று மட்டும் வேறு ஆண்டு காட்டினால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம். டிங்கரிங், பட்டி வேலை நடந்ததா என்று தட்டிப் பாருங்கள்.

13. அட்வான்ஸ் கொடுக்குமுன் ஸ்கேனர் போடுங்கள். பல பெரிய கார்களில் மீட்டர் போர்டு தவிர வேறு யூனிட்டுகளிலும் கி.மீ. பதிவாகும். மீட்டரைக் குறைத்தவர் எல்லா இடத்திலும் குறைக்க மறந்திருப்பார். எரர் கோடுகள் எல்லாம் அன்றைக்குக் காலையில்தான் அழிக்கப்பட்டிருக்கின்றன என்றால் அதுவே ஒரு தகவல். அந்த பிராண்டைத் தெரிந்த மெக்கானிக்கிடம் சில ஆயிரம் கொடுத்து ஒரு மணி நேரம் ஜாக்கியில் ஏற்றிப் பார்ப்பது இந்த வியாபாரத்திலேயே மிகக் குறைந்த செலவு.

14. டெல்லி வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. தலைநகர் பகுதியில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் காரும் 15 ஆண்டுக்கு மேற்பட்ட பெட்ரோல் காரும் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. எட்டு, ஒன்பது வயதான டீசல் பென்ஸும் ஆடியும் தெற்கே இறங்கத் தொடங்கியது அதனால்தான். விலையைப் பார்த்து மயங்குமுன் என்.ஓ.சி., தமிழ்நாட்டு ஆயுள் வரி, மறுபதிவு மூன்றையும் கூட்டுங்கள். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு இங்கே ஆயுள் வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும் தொகை சிறியதல்ல. ஆர்.டி.ஓ. ஆபீஸில் வரித் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொண்டபின் அட்வான்ஸ் கொடுங்கள். வெளிமாநில நம்பர் பிளேட்டுடனேயே ஓட்டிவிடலாம் என்ற யோசனை வேண்டாம். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம்.

15. பேப்பர். ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் பதிவு) இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, வெளி ஆர்.டி.ஓ. வண்டி என்றால் படிவம் 28. அபராத சலான் பாக்கி, பழைய ஃபாஸ்டேக் இரண்டையும் விற்பவரே முடித்துத்தரட்டும். பழைய கார் விற்கும் டீலர் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை முழு விலைக்கும் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2025 ஜனவரி முதல் உள்ள விதிப்படி அது அவருடைய லாபத் தொகைக்கு மட்டும்தான். ஒரு தனி நபர் இன்னொரு தனி நபருக்கு விற்றால் அதுவும் இல்லை.

16. இரண்டாவது சாவி எங்கே என்று கேளுங்கள். இந்த ரக கார்களுக்குப் புதுச் சாவி வாங்கிப் புரோகிராம் செய்யும் பில் பலருக்கு முதல் அதிர்ச்சி.

17. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாமல் இடித்தால் சொந்த சேத கிளெய்ம் கிடைக்காது. விற்பவரின் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது ஆளைச் சேர்ந்தது. உங்கள் பழைய காரின் போனஸ் இருந்தால் அதைக் கொண்டு வரலாம். ஐந்து வயதைத் தாண்டிய காருக்கு ஐ.டி.வி. (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) பேசி முடிவு செய்வதுதான், கம்பெனி சொன்ன முதல் எண்ணை ஏற்காதீர்கள். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி கிடைக்கவில்லை என்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிளெய்மில் வரும். பெரிய கார்களின் முன்பம்பரும் ஹெட்லைட்டும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். எஞ்சின் புரொடெக்ட் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அப்புறமும், தண்ணீரில் அணைந்துபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்தால் சாதாரண பாலிசி கைவிரித்துவிடும்.

18. டயர், பேட்டரி, குளிர்விப்பு. பி.எம்.டபிள்யூவில் பெரும்பாலும் ரன்ஃபிளாட் டயர். பஞ்சரானாலும் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் வரை போகலாம். விலை அதிகம், பக்கச் சுவர் கெட்டியானது என்பதால் நம் பள்ளங்களில் அலாய் வீல் வளையும். சாதாரண டயருக்கு மாற்றினால் ஸ்டெப்னிக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேட்டரி மாற்றினால் புது பேட்டரியைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். தெருமுனைக் கடையில் மாட்டிவிட்டுப் போனால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் ஏற்றிக் கெடுக்கும். நம் ஊர் வெயிலில் கூலன்ட் டேங்க், தெர்மோஸ்டாட் ஹவுசிங் போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் மொறுமொறுப்பாகிவிடும். அவை விரிசல் விட்டு நடுரோட்டில் எஞ்சின் சூடாகுமுன், வாங்கியதும் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. சன்ரூஃப் இருந்தால் மழைக்காலத்துக்கு முன் அதன் நாலு மூலை வடிகாலையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

19. எரிபொருள் விஷயம் சுருக்கமாக. பி.எஸ்.6 டீசலில் புகைக் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்ட்டர் உண்டு. பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும்; வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்ட முடியாதவர்கள் பெட்ரோல் வாங்குங்கள். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பெட்ரோல் காரில் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் போடுவதால் எரிபொருள் குழாய், கேஸ்கெட் ரப்பர்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

20. ஷோரூமுக்கு வெளியே ஒரு மெக்கானிக்கைப் பிடித்துவிட்டுக் காரைப் பிடியுங்கள். உங்கள் ஊரிலிருந்து ஐம்பது கி.மீ.க்குள் அந்த பிராண்டின் ஸ்கேனர் வைத்திருப்பவர் யாரும் இல்லை என்றால் டொயோட்டா, ஹோண்டா தவிர மற்றதை மறந்துவிடுங்கள். ஷோரூம் எஸ்டிமேட் கைக்கு வந்ததும் உடனே சரி சொல்லாதீர்கள். 'யூனிட்டையே மாத்தணும்' என்று அவர்கள் சொல்லும் இடத்தில் வெளியே உள்ள ஸ்பெஷலிஸ்ட் அதில் உள்ள ஒரு சீலையோ சோலனாய்டையோ மட்டும் மாற்றித்தருவார். ஹெட்லைட், கதவு, கண்ணாடி, பம்பர் போன்றவை சென்னை புதுப்பேட்டையில் ஒரிஜினலாகவே பழையது கிடைக்கும். பிரேக், சஸ்பென்ஷன், ஏர்பேக் மூன்றையும் மட்டும் பழையதாக வாங்க வேண்டாம்.

செலவு செய்த ஒவ்வொரு பில்லையும் தேதி, கி.மீ. எழுதி ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். நாலு ஆண்டு கழித்து நீங்கள் விற்கும்போது, விஷயம் தெரிந்தவர் காரைச் சுற்றிப் பார்க்குமுன் கேட்கப்போவது அந்த ஃபைலைத்தான்.